ஒலிபெருக்கிச் சோதனை

என் அண்ணன் வெண்டலிடம் இப்போது மிச்சமிருப்பவை ஐந்து வார்த்தைகள். அவையும் ஒரே வரிசையில்தான் வரும்.

"அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு."

பிப்ரவரியில் வந்த பக்கவாதம் அவனுடைய வலக்கை, வலக்கால், பேச்சு மூன்றையும் எடுத்துக்கொண்டு போனது. போகிற அவசரத்தில் இதை மட்டும் விட்டுவிட்டது. காப்பி வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வான். காப்பியில் சூடு போதாது என்றாலும் இதுதான். கழிப்பறைக்கு என்றால் கொஞ்சம் வேகமாகச் சொல்வான். வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லி ஊறிப்போனது சில பேருக்குத் தங்கிவிடும் என்றார் டாக்டர். வெண்டல் பொழுதுபோக்குக்காகச் சின்ன ராக்கெட்டுகள் கட்டி விடுகிற எங்கள் 'கிழக்குச் சமவெளி மாதிரி-ராக்கெட் கழக'த்தில் இருபத்தாறு வருடம் ஏவல் அதிகாரியாக, அதாவது எண்ணிக்கை சொல்பவனாக, இருந்தவன். மாட்டுச் சந்தையில் ஏலம் விடுகிறவனாக இருந்திருந்தால் இந்நேரம் என் வீடு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து என்னை நானே தேற்றிக்கொள்வேன்.

'ஒண்ணு' என்றதும் நின்றுவிடுவான். மைதானத்தில் அதற்குப் பிறகு 'ஏவு!' என்று ஒரு வார்த்தை உண்டு. அது போய்விட்டது. அதனால் ஒவ்வொரு தடவையும் எண்ணி முடித்துவிட்டு என் முகத்தையே பார்ப்பான். நான் காப்பியைக் கொண்டுவந்து வைப்பேன். இல்லை என்பதுபோலத் திரும்பவும் எண்ணுவான்.

நான் மெர்ல், அவனுடைய தம்பி. பண்ணை வீடுகளுக்கு எரிவாயு லாரி ஓட்டி முப்பத்தோரு வருடம் கழித்து ஓய்வு பெற்றவன். "வருத்தமா இருக்குமே மெர்ல்" என்று தேவாலயத்தில் கேட்கிறார்கள். பல் டாக்டர் வாய் மரத்துப்போக ஊசி போட்டு அனுப்பிய பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டால் நமக்குத் தெரியாது, சட்டையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். பிப்ரவரியிலிருந்து எனக்கு அப்படித்தான். அவ்வப்போது சட்டையைப் பார்த்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை அவன் மகள் ஜேனல் வந்து அவனைத் தன் ஊர் முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அவன் ஜனவரியில் கட்ட ஆரம்பித்த மூன்றடி ராக்கெட் என் சாப்பாட்டு மேஜையில் எட்டு மாதமாக உப்புக் குப்பிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. கழகத்தின் கடைசி ஏவல் நாளும் நட்புப் போட்டியும் சனிக்கிழமை. அன்றைக்குப் பல்கலைக்கழகக் கால்பந்து அணிக்கு ஆட்டம் இல்லை. இருந்திருந்தால் எங்கள் மாநிலமே அதைப் பார்க்கப் போயிருக்கும், ராக்கெட் நாள் என்று ஒன்று இருந்திருக்காது.

"இத நீதான் ஏவப்போறே. உன் கட்டைவிரலாலேயே. மத்தத நான் பாத்துக்கறேன்" என்று அவனிடம் சொல்லியிருந்தேன். நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன காரியங்கள் எப்படி முடிந்திருக்கின்றன என்று அவனுக்குத் தெரியும். எண்ணினான்.

மைதானம் என்பது கேலன் ஹவ்லிக்கின் புல்வெளி. கடைசி அறுப்பு முடிந்து மொட்டையாகக் கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் அறுக்காத சோளம். நடுவில் மஞ்சள் கயிறு. கயிற்றுக்கு உள்ளே கழகம், வெளியே உலகம்.

கழகத்துக்கு அறுபத்து நான்கு பக்கத்தில் ஒரு விதிப்புத்தகம் உண்டு. முழுக்க வெண்டல் எழுதியது. நாய்களின் கழுத்துப்பட்டை பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது. நட்புப் போட்டி என்றால் என்ன என்பதற்கும் விளக்கம் இருக்கிறது: 'நட்பு என்பது நடுவரோடு பேசாதிருத்தல்.' இதை எழுதிய குளிர்காலத்தில் ஒரு நாள் எனக்கு வாசித்துக் காட்டினான். நான் தூங்கிவிட்டேன். அந்தத் தூக்கத்துக்கு இந்தச் சனிக்கிழமை மொத்தமாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

முதலில் பரிசோதனை மேஜை. அங்கே மார்லிஸ் டீட்ஸ் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். இப்போது கழகத்தின் பாதுகாப்பு அதிகாரி, முட்டை அதிகாரி இரண்டும் அவள்தான். போட்டியே முட்டைப் போட்டி. ராக்கெட்டுக்குள் பச்சை முட்டையை வைத்து மேலே அனுப்ப வேண்டும், அது விரிசல் இல்லாமல் பாராசூட்டில் திரும்பி வர வேண்டும். முட்டையைக் கழகம்தான் தரும். ஒவ்வொரு முட்டையின் முதுகிலும் கழக முத்திரை.

மார்லிஸ் ராக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாலில் மூன்று இறக்கைகள். மூன்றாவதில் அவள் விரல் நின்றது.

"இது கோணலா இருக்கே மெர்ல்."

"அது நான் ஒட்டினது" என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். வெண்டல் பக்கத்தில் இருந்தான், எனக்குப் பொய் வரவில்லை.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "பன்னெண்டாவது விதி. கட்டினவங்கதான் ஏவணும், ஏவறவங்கதான் கட்டியிருக்கணும். மூணுல ஒரு பங்கு நீ கட்டியிருக்கே."

"அவனுக்கு வலக்கை வரலியே மார்லிஸ்."

"எனக்குத் தெரியாதா? புத்தகத்துக்குத் தெரியாதே." இறக்கையை மறுபடி தொட்டுப் பார்த்தாள். "பசை யாரோடது?"

"அவனோடது."

"அப்ப ஒட்டினது பசைதான். நீ சும்மா பிடிச்சுக்கிட்டு நின்னே. சரிதானே? வாயைத் திறக்காதே, தலையை மட்டும் ஆட்டு." ஆட்டினேன். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திய முட்டை ஒன்றை எடுத்து வெண்டலின் மடியில் வைத்தாள். "இந்தா வெண்டல், உன் முட்டை. நல்லா இருக்கியா?"

அவளைப் பார்த்து அவன் சத்தமாகவே சொன்னான்: "அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு."

அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன். மைதானத்தில் இருந்த இருபத்து மூன்று பேரும் எழுந்து நின்று அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்கள். மடக்கு நாற்காலியில் இருந்தவர்கள், பசையோடு மல்லாடிக்கொண்டிருந்தவர்கள், ஒரு வாய் இனிப்பு ரொட்டியை மெல்லாமல் வைத்திருந்தவர்கள், எல்லாரும். எண்ணும் சத்தம் கேட்டால் எழுந்து மேலே பார்க்க வேண்டும், தலையில் ராக்கெட் விழாமல் இருக்க. விதி ஆறு. இருபத்தாறு வருடமாக இந்தக் குரலே அவர்களைப் பழக்கியிருந்தது.

மேலே ஒன்றும் இல்லை. ஒரு மேகம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அனுமதியில்லாத எண்ணிக்கை!" என்று ஒலிபெருக்கி அலறியது. அது ரோஜர் வோசிகா, கழகத்தின் தலைவர், வெண்டலுக்குப் பிறகு வந்த ஏவல் அதிகாரி. வேலையில் இருந்த காலத்தில் மாவட்ட அலுவலகத்தில் அளவைக் கருவிகளைச் சோதித்தவர். தராசைப் பார்க்கிற பார்வையிலேயே மனிதர்களையும் பார்ப்பார். வேகமாக வந்தார்.

"ஏழாவது விதி, மெர்ல். ஏவல் அதிகாரியைத் தவிர யாரும் மைதானத்துல எண்ணக் கூடாது. ஒரு தடவை ஒருத்தன் விளையாட்டுக்கு எண்ணப்போய், இன்னொருத்தன் பட்டனை அமுக்கிட்டான். அதுலேர்ந்துதான் இந்த விதி. எழுதினதே வெண்டல்தான்."

"அவனுக்கு வேற பேச்சு வராது, ரோஜர்."

"புரியுது. ரொம்ப வேதனையா இருக்கு. அரை மணி நேரம் கயித்துக்கு வெளியே இருக்கணும்."

மைதானம் சட்டப்படி பத்து மணிக்குத்தான் திறக்கும் என்பதால் தண்டனையும் பத்துக்குத்தான் தொடங்கும் என்றார் கேலன். நிலத்துச் சொந்தக்காரரான அவர்தான் கழகத்தின் நேரம் குறிப்பவரும். கழுத்தில் கடிகாரம் தொங்கியது. வெண்டலோடு ஒன்றாம் வகுப்பில் படித்தவர். "மணியாவறதுக்குள்ள ஒரு ரொட்டி சாப்பிடுப்பா, கைதி" என்று அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பத்து மணிக்கு ரோஜர் பேசினார். நான் கேட்டபடியே தருகிறேன், ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

"நண்பர்களே, இது கழகமில்லை, குடும்பம். குடும்பம்னா என்ன? படிவம். ஒருத்தரை ஒருத்தர் நம்பணும்னா அது எழுத்துல இருக்கணும். நமக்கெல்லாம் வழிகாட்டின வெண்டல் ஷ்ராம் ஈடுசெய்ய முடியாத மனுஷர். அவர் ஆஸ்பத்திரிக்குப் போன அடுத்த செவ்வாய்க்கிழமையே ஓட்டெடுத்து ஈடு செஞ்சோம். பதினாலுக்கு ஒம்பது. அந்த ஒம்பது பேர் யாருன்னு எனக்குத் தெரியும், மனசுல வச்சுக்கல, எழுதி வச்சிருக்கேன். இப்ப அவருடைய நினைவா ஒரு நிமிஷம் மௌனம்."

"அவன் இங்கதானே இருக்கான்" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"நினைவுக்கு ஆள் இல்லாம இருக்கணும்னு விதி இல்லை" என்றார் ரோஜர்.

இருபத்து மூன்று பேர் தொப்பியைக் கழற்றி, சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் அண்ணனுக்காகத் தலை குனிந்தார்கள். வெண்டல் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். இருபதாவது நொடி இருக்கும்.

"அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு."

குனிந்த தலைகள் எல்லாம் ஒன்றாக நிமிர்ந்து வானத்தைப் பார்த்தன. மௌனம் மட்டும் கலையவில்லை. அந்த அளவுக்கு ஒழுங்கானவர்கள்.

இரண்டாம் குற்றத்துக்குத் தண்டனை இரட்டிப்பு. மூன்றாவதுக்கு அதைப் போல இரட்டிப்பு. இதையும் அவனேதான் எழுதியிருந்தான். நான் அவனைத் தள்ளிக்கொண்டு கயிற்றுக்கு வெளியே போனேன். வாக்குக் கொடுத்தவனுக்கு அங்கே செய்ய ஒன்றும் இல்லை. போர்வையைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

உள்ளே போட்டி நடந்தது. முதல் முட்டை மேலே போய் மஞ்சள் மழையாக இறங்கியது. இரண்டாவதுக்குப் பாராசூட் விரியவில்லை. மார்லிஸ் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் முறையாக ஆராய்ந்தாள். தரையில் வழிந்து கிடந்ததையும் குனிந்து ஆராய்ந்துவிட்டு, "உடைஞ்சிருக்கு" என்று எழுதினாள்.

நாங்கள் வெளியே இருந்தும் வெண்டலின் குரல் உள்ளே கேட்டது. ரோஜர் எண்ணும்போதெல்லாம் அவனுக்கு உதடு துடிக்கும். இரண்டு தடவை அடக்கினான். பிறகு அடக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் எல்லாரும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள், பார்த்தார்கள், உட்கார்ந்தார்கள். ஒருத்தர் மட்டும் உட்கார்ந்தபடியே பார்த்துச் சமாளித்தார். அவர் மேல் தனியாக ஒரு குறிப்பு எழுதப்பட்டது.

எனக்கு ஒன்று தோன்றியது. வீட்டில் இவன் எண்ணும்போது நான் காப்பி கொண்டுவருவேன். ஜேனல் தொலைபேசியில் அழுவாள். தாதிப்பெண் "அருமை, அருமை" என்பாள். இந்த மொட்டைப் புல்வெளியில் மட்டும்தான் இவன் சொன்னால் சொன்னது நடக்கிறது. அது எனக்கு ஏதாவது செய்திருக்க வேண்டும். சட்டையைப் பார்த்துக்கொண்டேன்.

எட்டாவது தடவைக்குப் பிறகு கேலன் பேனாவும் காகிதமுமாகக் கயிற்றருகே வந்தார்.

"மெர்ல், ரெண்டு தடவை கூட்டிப் பாத்துட்டேன். பத்து மணியிலேர்ந்து எண்ணினா, உங்க அண்ணன் வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சரைக்கு உள்ள வரலாம்."

"திங்கட்கிழமை அவன் ஊரை விட்டே போறான்."

கேலன் காகிதத்தை மடித்தார். "அது எனக்குத் தெரியாதேப்பா" என்றார். கடிகாரத்தைத் திருகிக்கொண்டே நின்றார்.

நான் கயிற்றைத் தாண்டிப்போய் ரோஜரிடம் கேட்டேன். வாழ்க்கையில் நான் கெஞ்சியது மிகக் குறைவு. பழக்கமில்லாததால் சரியாக வரவில்லை.

"ஒரே ஒரு தடவை. அவன் கையாலே. அப்புறம் நாங்க போயிடறோம்."

"மெர்ல், உணர்ச்சிக்கு நாங்க எதிரி இல்லை. நிகழ்ச்சி நிரலைப் பாருங்க. பன்னெண்டரையிலேர்ந்து ஒண்ணு வரைக்கும் உணர்ச்சிக்கு நேரம் ஒதுக்கியிருக்கோம், சாப்பாட்டோட சேத்து. ஆனா விதியை உடைச்சா நாளைக்கு என்ன ஆகும்? வேற யாருக்காவது பக்கவாதம் வந்தா அவங்களும் கேப்பாங்க."

அப்போது கயிற்றுக்கு வெளியே இருந்து ஒரு சத்தம் வந்தது. வெண்டல் இடது கையால் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டிக்கொண்டிருந்தான். மடியில், நாற்காலிப் பையில் எப்போதும் இருக்கும் விதிப்புத்தகம் விரிந்திருந்தது. நாற்பத்தோராம் பக்கம். அதை அவன் தேடித்தான் எடுத்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தில் ஏவல் நாள் சாப்பாடான சில்லியின், அதாவது கறியும் பீன்ஸும் போட்ட குழம்பின், பழைய கறை ஒன்று காய்ந்து தடித்திருந்ததால், எப்படிப் பிரித்தாலும் புத்தகம் அங்கேதான் திறக்கும்.

மார்லிஸ் வந்து குனிந்து உரக்கப் படித்தாள். "'ஒலிபெருக்கிச் சோதனை. சோதிப்பவர் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அது எண்ணிக்கையாகக் கருதப்படாது.'" நிமிர்ந்தாள். "ஒலிபெருக்கி காலையிலேர்ந்து கரகரங்குது ரோஜர். யாராவது சோதிக்கணும்."

"அவர் உள்ள வர முடியாது. வியாழக்கிழமை வரைக்கும்."

"அவன் வர வேண்டாம்" என்றார் கேலன். "கயிறு எங்க இருக்கணும்னு புத்தகத்துல இருக்கா?"

ரோஜர் புரட்டினார். கயிற்றின் நிறம் இருந்தது. தடிமன் இருந்தது. மழையில் நனைந்தால் எப்படிக் காயப்போட வேண்டும் என்பது இருந்தது. இடம் இல்லை.

எட்டுப் பேர் முளைக்குச்சிகளைப் பிடுங்கி, மஞ்சள் கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஏவல் மேஜைக்கு அந்தப் பக்கமாக நடந்துபோய் அடித்தார்கள். இரக்கத்தால் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். மணி பன்னிரண்டரை ஆகிவிட்டிருந்தது, சில்லி ஆறிக்கொண்டிருந்தது, எட்டுத் தடவை எழுந்து உட்கார்ந்ததில் பலருக்கு முழங்கால் வலி. இப்போது மேஜையும் பட்டன் பெட்டியும் ஒலிபெருக்கியும் வெண்டலும் கயிற்றுக்கு வெளியே இருந்தார்கள். அவன் ஓர் அங்குலம்கூட உள்ளே வரவில்லை. கழகம்தான் கொஞ்சம் சிறியதாகிவிட்டது.

முட்டையை ராக்கெட்டின் மூக்குக்குள் பஞ்சு சுற்றி வைத்தேன். மார்லிஸ் அதைக் கம்பியில் ஏற்றி ஒயரை மாட்டிவிட்டு வந்தாள். ரோஜர் சாவியைப் பெட்டியில் செருகினார். "இது ஒலிபெருக்கிச் சோதனை. சோதனை மட்டுமே" என்று மூன்று தடவை அறிவித்துவிட்டு மைக்கை நீட்டினார். நான் வாங்கி வெண்டலின் வாயருகே பிடித்தேன். அவனுடைய இடது கட்டைவிரல் பட்டன் மேல் இருந்தது.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.

காலையிலிருந்து எண்ணிக்கொண்டே இருந்தவன் இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தான். காற்று ஒலிபெருக்கிக்குள் புகுந்து மூச்சு மாதிரி கேட்டது. இருபத்து மூன்று பேர் உட்கார்ந்த இடத்திலிருந்து அவனையே பார்த்தார்கள். ஒரு நிமிடம் போயிருக்கும். மைக் பிடித்த கை எனக்கு வலித்தது. இவனைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் உட்காரவைத்து இதைத்தானா செய்தேன் என்று நினைத்தேன். வேறு வழி தெரியாமல், வீட்டில் கேட்கிற மாதிரியே கேட்டேன்.

"என்ன வெண்டல்? காப்பி வேணுமா?"

ஒலிபெருக்கியில் அது ஊருக்கே கேட்டது. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். எட்டு மாதமாக ஒரு முட்டாளிடம் மாட்டிக்கொண்டிருப்பவன் பார்க்கிற பார்வை. பிறகு மைதானத்தின் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"அஞ்சு."

எல்லாரும் எழுந்தார்கள். ரோஜரும்.

"நாலு. மூணு. ரெண்டு. ஒண்ணு."

அழுத்தினான். அந்த ஆறாவது வார்த்தையை ராக்கெட் சொன்னது. கிழிகிற சத்தத்தோடு கிளம்பி, என் கோணல் இறக்கையால் திருகித் திருகிப் போனது. வெள்ளைப் புகை ஒரு திருகாணி மாதிரி வானத்தில் நின்றது. மேலே போய்ப் பொட்டாகி, பிறகு சிவப்புப் பாராசூட் விரிந்தது. வெண்டலின் தலை அதோடு சேர்ந்து மெல்ல மெல்லத் திரும்பியது. சோளத்துக்குள் இறங்கும் வரைக்கும் யாரும் உட்காரவில்லை. நானும் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தேன் என்று பிறகுதான் கவனித்தேன்.

கேலன் சோளத்துக்குள் போய், காது மடலெல்லாம் கீறலோடு அதை எடுத்துவந்தார். மார்லிஸ் பூதக்கண்ணாடியால் முட்டையை நாலு பக்கமும் பார்த்தாள். ஐந்தாவதாக ஒரு பக்கம் இருப்பதுபோல இன்னும் ஒரு தடவை பார்த்தாள்.

"விரிசல் இல்லை" என்றாள். அன்றைக்கு அப்படி வந்தது அது ஒன்றுதான்.

மூன்று மணிக்கு ரோஜர் முடிவை அறிவித்தார். "முதல் பரிசு பத்தி ஒரு விளக்கம். பன்னெண்டு நாப்பதுக்கு நடந்தது ஒலிபெருக்கிச் சோதனை. எண்ணிக்கை நடக்கல. எண்ணிக்கை இல்லாம ஏவுதல் இல்லை. ஏவுதல் இல்லாததால ராக்கெட் மேல போகல. மேல போகாத முட்டை உடையாம இருக்கறதுல ஆச்சரியமும் இல்லை. நான் பாத்தேன், நானும்தான் எழுந்து நின்னேன். ஆனா நான் பாத்ததுங்கறது ஆதாரமாகாது. ஆகவே, மிகக் குறைஞ்ச விரிசலுக்கான பரிசு..." இங்கே கொஞ்சம் இருமினார். "எனக்கு."

குறிப்பேட்டில் கேலன் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். '12.40. ஒலிபெருக்கி: நன்றாக வேலை செய்கிறது.'

முட்டை கழகச் சொத்து, மேல்முறையீட்டுக் காலம் முடியும் வரை முப்பது நாள் குளிரில் பாதுகாக்க வேண்டும் என்று மார்லிஸ் அதை என்னிடமே கொடுத்தாள். "பத்திரமா வச்சுக்கோ, மெர்ல். விதி" என்றாள். வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

திங்கட்கிழமை காலை ஜேனல் வந்தாள். பெட்டிகளை ஏற்றினோம். வெண்டலை முன் இருக்கையில் தூக்கி உட்காரவைத்து பெல்ட்டை மாட்டினேன். சொல்ல வேண்டியதை ஏதாவது சொல்லலாம் என்று யோசித்தேன். "சில்லியில உப்பு கம்மியா போடச் சொல்லு" என்றேன்.

கார் நகர்வதற்கு முன்னால் அவன் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தான்.

"அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு."

"அப்பாவுக்குக் காப்பி வேணும் போல இருக்கு. வழியில வாங்கித் தரேன்" என்றாள் ஜேனல். பிறகு, "சித்தப்பா? என்ன பாக்குறீங்க மேல?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. விதி. நீ கிளம்பு."

சரளைக்கல் மேல் சக்கரம் உருளும் சத்தம் திருப்பம் வரைக்கும் கேட்டது. மேலே மேகம்கூட இல்லை. கழுத்து வலிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். வலித்தது.